தண்ணிக்குக் காய்ச்சலோ?

எனக்கு அப்ப 11 வயது. 2010ஆம் ஆண்டு. பாதையெல்லாம் திறந்து, ஆக்கள் பயமில்லாமல் பயணம் போகத் தொடங்கியிருந்த காலம். அம்மம்மா, அம்மா, சித்தி, நான் எண்டு நாலு பேரும் ஒரு ஓட்டோவில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். திருகோணமலைக்காரருக்குக் கன்னியா புதினமில்லை. ஆனால் எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்துப் பக்கத்திலே ஏழு குட்டிக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். வாளியால் அள்ளி ஊத்தினால், ஒன்றின் சூடு மற்றதின் சூட்டுக்குச் சரியாக ஒத்துவராது.

நான் வீட்டிலிருந்து ஒரு சாமான் களவாகக் கொண்டு போயிருந்தேன். அம்மா எங்களுக்குக் காய்ச்சல் பார்க்கிற இரசத் தேர்மோமீற்றர். அதைக் கிணற்றுக்குள் விட்டதும் இரசம் ஓட்டமாக ஓடிக் கடைசிக் கோட்டுக்குக் கிட்டப் போய் நின்றது. அந்தத் தேர்மோமீற்றரில் 42க்கு மேலே கோடு கிடையாது. நான் பயந்துபோய் வெளியில் எடுத்தேன். அம்மம்மா பார்த்துவிட்டா.

“என்னடா, தண்ணிக்குக் காய்ச்சலோ?”

எல்லாரும் சிரிச்சினம். நான் மட்டும் சிரிக்கவில்லை. “ஏன் அம்மம்மா சுடுது?” எண்டு கேட்டேன். இராவணன் தன்ரை தாயின்ரை ஈமக்கடன் செய்யத் தண்ணி வேணுமெண்டு நிலத்தில் ஏழு இடத்திலே குத்தினவன் எண்ட கதையை அம்மம்மா சொன்னா. அதனால்தான் இண்டைக்கும் சனம் செத்தவைக்கு அந்தியேட்டி செய்ய இங்கை வருகுது எண்டும் சொன்னா. “அப்ப ஏன் சுடுது?” எண்டு திரும்பக் கேட்டேன். அதுக்கு அவ மறுமொழி சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோது கீழே எரிமலை இருக்கு எண்டு சொன்னார்கள். அது பிழை எண்டு தெரிய எனக்குப் பத்து வருசம் எடுத்தது.

இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. இந்தத் தீவின் பெரும்பகுதி, பூமியின் பழைய பாறைகளில் ஒன்றின் மேல் இருக்கிறது. 50 கோடி வருசத்துக்கும் மேல் வயதானது. ஆடி அசைந்து முடித்து, ஆறி அமைதியாகிவிட்ட நிலம். அப்படியான இடத்தில் தண்ணி சுடுகிறதென்றால், அது எரிமலையின் சூடு இல்லை. பூமி எல்லா இடத்திலும், எப்பவும், மெதுவாக வெளியில் விட்டுக்கொண்டிருக்கிற சூடு. உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கீழேயும் அதுதான் இருக்கிறது.

அந்தச் சூட்டை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதோடு, அம்மம்மாவைப் பற்றியும்.

*

ஏ.எல் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஒரு கோலின் ஒரு நுனி சூடு, மற்ற நுனி குளிர். ஒரு சதுர மீற்றரால் ஒரு செக்கனில் போகும் வெப்பம் எவ்வளவு? வெப்பநிலைப் படித்திறனைக் கடத்தாறால் பெருக்கு. அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபூரியே எழுதிவைத்த விதி. பூமிக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கீழே போகப் போக எவ்வளவு சூடேறுகிறது, இடையில் இருக்கிற கல் எவ்வளவு நல்லாக வெப்பத்தைக் கடத்தும், இந்த இரண்டும் தெரிந்தால் காணும்.

நிலத்தில் பொதுவாக ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 தொடக்கம் 30 பாகை வரை கூடும். கருங்கல் மாதிரியான பாறையின் கடத்தாறு 2.5 அல்லது 3 வாற்று அளவில் வரும். செம்பின் கடத்தாறு 400. எனவே கல் ஒரு சோம்பேறி. பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீற்றருக்கு 65, 70 மில்லிவாற்று. இதை வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். 10 பேர்ச் காணி என்றால் கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். அந்தக் காணி முழுவதிலும் இருந்து இரவு பகலாக வெளியில் வருகிற பூமிச் சூடு மொத்தம் 16 வாற்று. ஒரு சின்ன மின்குமிழ் எரிக்கலாம்.

இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். சூரியனிடமிருந்து பூமி உள்வாங்குவது சராசரியாகச் சதுர மீற்றருக்கு 240 வாற்று அளவு. அதோடு ஒப்பிட்டால் உள்ளிருந்து வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் பூமி பெரிசு. முழுவதையும் கூட்டினால் 47 டெராவாற்று வருகிறது. மனுசர் எல்லாரும் சேர்ந்து எரிக்கிற எண்ணெய், நிலக்கரி, வாயு, மின்சாரம் எல்லாவற்றையும்போல இரண்டு மடங்குக்கும் மேல். கண்டங்களை நகர்த்துவதும் மலைகளை எழுப்புவதும் நிலத்தை நடுங்க வைப்பதும் உள்ளே இருக்கிற இந்தச் சூடுதான்.

ஆக, இது சின்னதும்தான், பெரிசும்தான். அளக்கக் கஷ்டமானதும் அதனால்தான்.

*

முதலில் இந்தச் சூட்டை வைத்துப் பெரிய கணக்கொன்று போட்டவர் வில்லியம் தொம்சன். பிறகு கெல்வின் பிரபு ஆனவர். 1862இல் அவர் கேட்ட கேள்வி இது: பூமி உருகிய குழம்பாகத் தொடங்கி ஆறிக்கொண்டு வருகிறதென்றால், இண்டைக்கு மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கிற வெப்பநிலைப் படித்திறனுக்கு வர எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? விடை 2 கோடி வருசத்துக்கும் 40 கோடி வருசத்துக்கும் இடையில். பிறகு அவர் அதை இன்னும் குறைத்து, 2 கோடியிலிருந்து 4 கோடிக்குள் கொண்டுவந்தார். பாறைகளைப் படித்தவர்களுக்கும் டார்வினுக்கும் அந்தக் காலம் காணாது. ஆனால் கணக்கில் பிழை பிடிக்க ஒருத்தராலும் ஏலவில்லை.

பிழை கணக்கில் இல்லை. தொடங்கின இடத்தில் இருந்தது. உள்ளே புதிதாகச் சூடு ஒன்றும் உருவாகவில்லை, உள்ளே ஒன்றும் அசையவும் இல்லை என்று அவர் வைத்துக்கொண்டார். 1895இல் அவருடைய பழைய உதவியாளர் ஜோன் பெரி, உள்ளே இருக்கிற பொருள் மெல்ல அசைந்து சூட்டை மேலே கொண்டு வந்தால் வயது பல மடங்கு கூடும் என்று எழுதினார். அதைப் பெரிசாக ஒருத்தரும் எடுக்கவில்லை. அடுத்த பத்து வருசத்துக்குள் கதிரியக்கம் வந்தது. யூரேனியம், தோரியம், பொற்றாசியம் எல்லாம் பாறைக்குள் இருந்து ஓயாமல் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. இன்றைய கணிப்பில் பூமி விடுகிற வெப்பத்தில் ஏறத்தாழ அரைவாசி அப்படி வருவது. பூமியின் வயது 450 கோடி வருசத்துக்கும் மேல்.

இதை முதன்முதல் வாசித்த அண்டு எனக்கு அம்மம்மாவின் நினைவுதான் வந்தது.

என்ரை மாமாவை 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்ப 22 வயது. நான் பிறக்க முந்தி. வீட்டில் ஒரு படமும், ஒரு சைக்கிளும் இருந்தது. சைக்கிளை ஒருத்தரும் ஓடுவதில்லை. ஆனால் அம்மம்மா மாதத்துக்கு ஒருக்கால் அதன் செயினுக்கு எண்ணெய் விடுவா. சொந்தக்காரர் வந்தால் மெதுவாகச் சொல்லுவினம்: “இவ்வளவு வருசமாச்சு. ஆறியிருக்க வேணும்.” கெல்வினும் இதைத்தான் சொன்னார். இவ்வளவு வருசமாச்சு, ஆறியிருக்க வேணும். உள்ளே ஒன்று தானாகச் சூடாகிக்கொண்டே இருக்கலாம் என்பதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை.

*

சரி, அளக்கிற விசயத்துக்கு வருவோம். நிலத்தில் வெப்பப் பாய்ச்சலை ஒழுங்காக அளந்த முதல் முடிவுகள் 1939இல்தான் வெளிவந்தன. பென்ஃபீல்ட் என்பவர் பிரித்தானியாவில் அளந்தார், எட்வேர்ட் புல்லார்ட் தென்னாபிரிக்காவில் அளந்தார். தென்னாபிரிக்காவில் ஏன்? அங்கே தங்கம் தேடி ஆழமாகத் துளைத்து வைத்திருந்தார்கள். துளை இருந்தால் வெப்பமானியை இறக்கலாம். இந்த அறிவியலின் பாதி, மற்றவர்கள் வேறு எதையோ தேடித் தோண்டின குழிகளில் நடந்தது.

சுரங்கத்தின் சூட்டைக் கருவியில்லாமல் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போனது. 2001இல் மூடினார்கள். கீழே போகப் போகக் கல்லே சுடும் என்பது அவர்களுக்குத் தோலால் தெரிந்த பாடம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12,262 மீற்றர் துளைத்தார்கள். 100 பாகை அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்த ஆழத்தில் 180 பாகை இருந்தது. அதுக்குக் கீழே துளைப்பது பெரும்பாடாகி நிற்பாட்டிவிட்டார்கள்.

குழி இருந்தால் மட்டும் காணாது. மேலே இருக்கிற 15, 20 மீற்றருக்கு வருசத்தின் வெயிலும் மழையும் போய் வரும். அதுக்குக் கீழே போக வேணும். அதோடு குழி தோண்டும்போது துளைகருவியும் அதுக்குள் ஓடுகிற சேற்றுத் தண்ணியும் பாறையின் சூட்டைக் குழப்பிவிடும். தோண்டி முடித்த கையோடு வெப்பமானியை இறக்கினால் தெரிவது பூமியின் சூடில்லை, நாங்கள் தோண்டின சூடு. எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேணும் என்பதற்கென்றே புல்லார்ட் 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். துளைக்க எடுத்த காலத்தைப்போல பத்து இருபது மடங்கு பொறுத்தால்தான் நல்ல எண் கிடைக்கும். ஒரு மாதம் துளைத்தால் ஒரு வருசமளவு பொறுக்க வேணும்.

கடலுக்கடியில் இன்னொரு விதம். ஆழ்கடலின் அடியில் தண்ணி எப்பவும் குளிர், 1 பாகையிலிருந்து 4 பாகைக்குள். அங்கே கோடையும் இல்லை, மாரியும் இல்லை. எனவே ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. சேற்றுக்குள் சில மீற்றர் நீளமான ஈட்டியொன்றைக் குத்தினால் காணும். புல்லார்டும், அமெரிக்காவில் ஆர்தர் மக்ஸ்வெல், ரொஜர் ரெவெல் ஆகியோரும் இப்படி ஒரு கருவியை உருவாக்கிப் பசிபிக் கடலில் இறக்கினார்கள். முடிவுகள் 1952இல் வந்தன. எல்லாருக்கும் ஆச்சரியம். கண்டத்துக்குக் கீழே கதிரியக்கம் கூடிய கருங்கல் தடிப்பாக இருக்கிறது, கடலுக்குக் கீழே அது இல்லை, அதனால் கடலடியில் வெப்பம் நல்லாகக் குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அப்படியென்றால் கடலுக்குக் கீழே சூட்டை வேறு ஏதோ கொண்டு வருகிறது. மென்மூடி மெதுவாக அசைந்து புரண்டு கடல்தளத்தைப் புதிதாக ஆக்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு படி.

அந்த ஈட்டி அளக்கிற வித்தியாசம் எவ்வளவு தெரியுமோ? ஒரு மீற்றருக்கு ஒரு பாகையின் நூறில் ஆறு பங்கு அளவு. மூன்று மீற்றர் இறங்கினால் 0.2 பாகை கூட வராது. அதை நல்லாக அறிய ஆயிரத்தில் ஒரு பாகையை அளக்கக்கூடிய கருவி வேணும். இதைக் கிலோமீற்றர் கணக்கில் கம்பி விட்டு, ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு செய்ய வேணும்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு இந்த முழு விசயத்திலும் ஆகவும் பிடித்த இடம் இதுதான். ஈட்டி சேற்றுக்குள் இறங்கும்போது உராய்வால் சேறு சூடாகிவிடும். அளக்க வந்த சூட்டைவிட, அளக்க வந்ததால் உண்டான சூடு கூட. பிறகு அது மெதுவாக ஆறும். முழுக்க ஆறும்வரை கப்பல் நிற்க ஏலாது. அதனால் ஈட்டியை அசையாமல் சில நிமிடம் விட்டு, அது ஆறுகிற விதத்தைப் பதிவு செய்வார்கள். அந்த வளைகோட்டை நீட்டிப் பார்த்து, நாங்கள் குத்தாமல் இருந்திருந்தால் இந்தச் சேறு எந்தச் சூட்டில் இருந்திருக்கும் என்று கணிப்பார்கள். பிற்காலக் கருவிகளில், அதுக்குப் பிறகு தாங்களே ஒரு அளவான சூட்டைக் கொடுத்து, அது எவ்வளவு கெதியாகப் பரவுகிறது என்று பார்த்துக் கடத்தாற்றையும் அதே இடத்தில் அறிந்துகொள்கிறார்கள். கப்பல் கொஞ்சமாக அசைந்து ஈட்டியை இழுத்தால் திரும்ப உராய்வு, திரும்பச் சூடு. முதலிலிருந்து தொடங்க வேணும்.

நிலவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1971இல் அப்பல்லோ 15இல் துளைகருவி நினைத்த ஆழத்துக்குப் போகவில்லை. அடுத்த வருசம் அப்பல்லோ 16இல் ஜோன் யங்கின் கால் வயரில் தடக்கி, வயர் அறுந்து, அளவீடே இல்லாமல் போனது. அப்பல்லோ 17இல்தான் சரிவந்தது. செவ்வாயில் இன்சைற் கொண்டு போன கருவி 5 மீற்றர் இறங்க வேண்டியது. மண் பிடி கொடுக்கவில்லை, 2021இல் கைவிட்டார்கள். கோடி கோடியாகச் செலவழித்தாலும், கடைசியில் மண் இடம் கொடுக்க வேணும்.

*

எனக்கு 19 வயது இருக்கும்போது வாய்மொழி வரலாறு பதிகிற பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். மூன்று நாள். முடிவில் வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பேட்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. போனில் ரெக்கோடிங்கைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, அம்மம்மாவுக்கு முன்னாலே இருந்து கேட்டேன்:

“மாமாவைக் கூட்டிக்கொண்டு போன அண்டு என்ன நடந்தது அம்மம்மா?”

அவ சொன்னா. திகதி, நேரம், எத்தனை பேர் வந்தவை, மாமா போட்டிருந்த சேட்டின் நிறம், காலில் செருப்பு இல்லை, தான் எந்த எந்த முகாம் வாசலுக்குப் போனது, எந்த ஆணைக்குழுவுக்கு எப்ப மனுக் கொடுத்தது. ஒரு சொல் தடக்கவில்லை. நாலு நிமிடமும் சில செக்கனும். முடிந்ததும் “காணுமோ?” எண்டு கேட்டா. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா.

பட்டறையில் எல்லாரும் நல்ல பேட்டி எண்டு சொல்லிச்சினம். எனக்கும் பெருமைதான். பிறகு ஒருநாள் அம்மா பழைய பைல் ஒன்றை எடுக்க, அதுக்குள் அம்மம்மா வெவ்வேறு இடத்தில் கொடுத்த வாக்குமூலங்களின் பிரதிகள் இருந்தன. வாசித்தேன். என்ரை ரெக்கோடிங்கில் இருந்ததுதான். வரிக்கு வரி அதுவேதான். எத்தனை பேர் அவவுக்கு முன்னால் பேப்பரோடும் பேனையோடும் வந்து இருந்திருப்பினம்? கேள்வி உள்ளே இறங்குகிற நேரத்தில் உண்டாகிற சூட்டைத் தாங்க அவ அந்த நாலு நிமிடத்தை ஒரு கவசமாகச் செய்து வைத்திருக்கிறா. நான் பதிந்தது கவசத்தை. அவவின்ரை பேரன், ஒரே வீட்டில் வளர்ந்தவன், நானும் எல்லாரையும் போல வந்து குத்திவிட்டு எழும்பிப் போயிருக்கிறன்.

அதுக்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டது உத்தி ஒன்றும் இல்லை, வெட்கம். இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தோம். தானாகச் சொன்னா: “உவன் கன்னியாவுக்குச் சைக்கிளிலை போய் முழுகிப்போட்டு, தலை துடைக்காமல் வருவான். சேட்டு முதுகெல்லாம் நனைஞ்சிருக்கும். பேசுவன். சுடுதண்ணியிலை முழுகினால் தடிமன் வராது அம்மா எண்டுவான்.” அவ்வளவுதான். பிறகு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழும்பிவிட்டா. எந்த ஆணைக்குழுவின் கோப்பிலும் அந்த ஈரச் சேட்டு இல்லை.

*

கம்பஸில் கடைசி வருசம் நானும் ஒரு அளவீடு செய்தேன். பெரிய ஆசையோடு தொடங்கினது. ஊரில் சும்மா கிடந்த 60 மீற்றர் குழாய்க்கிணறு ஒன்று. தேமிஸ்டர் ஒன்றை நீளமான வயரில் கட்டி, ஐந்து மீற்றருக்கு ஒரு இடத்தில் சிவப்பு ரேப் ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எழுதினேன். 60 மீற்றருக்கு ஒன்றரைப் பாகை கூடும் என்று எதிர்பார்த்தேன். மேலே கொஞ்சம் மாறியது. ஆனால் 30 மீற்றரிலிருந்து அடி வரைக்கும் ஒரே எண். மூன்று நாள் அளந்தும் அதே எண். கருவி பழுது எண்டு நினைத்தேன்.

சேரிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“கருவியிலை பிழை இல்லை. கீழை வெடிப்புக்குள்ளாலை தண்ணி ஓடுது. நீர் பூமியின்ரை சூட்டை அளக்கேல்லை தம்பி, தண்ணியின்ரை ஓட்டத்தை அளந்திருக்கிறீர்.”

எனக்கு வந்த பிழை உலகத்துக்கே வந்த பிழை எண்டு பிறகு அறிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1960களில் கடல்நடு மலைத்தொடர்களுக்குக் கிட்ட அளந்தவர்கள் குழம்பிப்போனார்கள். புதிதாகப் பிறந்த கடல்தளம் அது. கணக்குப்படி அங்கேதான் வெப்பம் அதிகமாக வர வேணும். ஈட்டியோ ஓரிடத்தில் கூடவும் பக்கத்தில் குறையவும் காட்டியது, கூட்டிப் பார்த்தால் வர வேண்டியதில் பெரும்பங்கைக் காணவில்லை. காணாமல் போன வெப்பம். அது எங்கே போனது? கடல்தண்ணி பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, சூட்டை அள்ளிக்கொண்டு, வேறு ஓரிடத்தால் வெளியில் வருகிறது என்று சிலர் சொன்னார்கள். 1977இல் கலபாகஸ் பகுதியில் அல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் அதை நேரே கண்டார்கள். கடலடியில் வெந்நீரூற்றுகள், அவற்றைச் சுற்றிச் சூரியனை அறியாத உயிர்கள். 1979இல் கிழக்குப் பசிபிக்கில் கரும்புகை மாதிரிக் கக்குகிற ஊற்றொன்றில் வெப்பமானியை வைத்தபோது அதைப் பிடித்திருந்த பிளாஸ்ரிக் தண்டு உருகிவிட்டது. 350 பாகைத் தண்ணி. இன்றைய கணிப்பில் கடல்தளத்தால் வெளியேறுகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை இப்படித் தண்ணிதான் கொண்டு போகிறது. எங்களுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுவிலும், கடலோடு நெரிபட்டு மடிந்துகிடக்கிற பகுதியில், அதன் வயதுக்கு வர வேண்டியதைவிடக் கூடிய வெப்பத்தை அளந்திருக்கிறார்கள்.

கன்னியாவும் இதே கதையின் சின்ன வடிவம்தான். மழைத் தண்ணி வெடிப்புகளால் கீழே இறங்குகிறது. ஆழத்தில் இருக்கிற கல்லின் சூட்டை வாங்குகிறது. ஆறமுந்தி இன்னொரு வெடிப்பால் கெதியாக மேலே வருகிறது. எங்கள் ஊரின் சாதாரண நிலத்தடி நீர் 28 பாகை அளவென்று வைத்தால், என்ரை காய்ச்சல் தேர்மோமீற்றர் காட்டின 41க்கு வர 13 பாகை கூட வேணும். கிலோமீற்றருக்கு 25 பாகை என்றால், அந்தத் தண்ணி குறைஞ்சது அரைக் கிலோமீற்றர் கீழே போய் வந்திருக்க வேணும். வரும் வழியில் ஆறியிருந்தால் இன்னும் ஆழம். மகாஓயாப் பக்கத்து ஊற்றுகள் இதைவிடச் சூடு. இந்த ஊற்றுகளில் பல, தீவின் கிழக்குப் பக்கம் இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கிற எல்லையை அண்டித்தான் இருக்கின்றன. எரிமலை வேண்டாம். வெடிப்பும் மழையும் பொறுமையும் காணும்.

நிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே நடந்தது மெதுவாகக் கீழே இறங்கும். நூறு வருசத்துக்கு முந்தி நிலத்தின் மேற்பரப்பு சூடாகத் தொடங்கியிருந்தால், அதன் தடம் இண்டைக்கு நூறு, நூற்றைம்பது மீற்றர் ஆழத்தில் இருக்கும். 1986இல் அலாஸ்காவின் உறைநிலத்தில் இருந்த துளைக்கிணறுகளின் வெப்பநிலையை வாசித்து, அங்கே ஒரு நூற்றாண்டுக்குள் மேற்பரப்பு 2 தொடக்கம் 4 பாகை வரை சூடாகியிருக்கிறது என்று சொன்னார்கள். அங்கே ஒருத்தரும் நூறு வருசமாகத் தேர்மோமீற்றரோடு நிற்கவில்லை. நிலம் வைத்திருந்தது.

*

அம்மம்மா போன வருசம் மோசம் போனா. நித்திரையில். முதல் நாள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தா.

31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். இந்தக் கிணறுகள் ஆருடையது எண்ட சண்டை எல்லாருக்கும் தெரியும், அதை நான் இங்கை எழுதவில்லை. எங்களுக்கு அண்டைக்கு அது அம்மம்மா தன்ரை தாய்க்கும் தேப்பனுக்கும் அந்தியேட்டி செய்த இடம். மாமாவுக்கு மட்டும் அவ செய்யவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்து கேட்டும் எடுக்கவில்லை. நட்டஈடு வரும் எண்டு சொல்லியும் எடுக்கவில்லை. “செத்தவனுக்குத்தான் அந்தியேட்டி” எண்டு ஒரே வசனம்.

வீட்டிலேயே சித்தி மெதுவாகக் கேட்டிருந்தா, அம்மாவோடு சேர்த்துத் தம்பிக்கும் செய்துவிடுவமோ எண்டு. முப்பது வருசத்துக்கு மேலாச்சு. அம்மா மறுமொழி சொல்லவில்லை. ஓட்டோவிலும் சொல்லவில்லை. நான் நடுவில் இருந்தேன். எனக்கும் தெரியவில்லை, எது சரியெண்டு. இண்டைக்கும் தெரியாது.

தர்ப்பையைப் போட்டுவிட்டு ஐயர் என்னைப் பார்த்தார். பேரன் எண்டு அறிந்ததும் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

“மகன் இல்லையோ?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கடன் செய்ய உரித்துள்ளவர் ஆர் எண்டு அறியத்தான். ஆனால் தமிழில் ‘இல்லை’ என்ற சொல்லுக்குள் எத்தனை சொல் இருக்கு பாருங்கோ. சித்தி அம்மாவைப் பார்த்தா. அம்மா கிணற்றைப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. பொறுத்திருந்தேன். ஐயரும் பொறுத்திருந்தார்.

“இருக்கிறார் ஐயா,” எண்டா அம்மா. “இப்ப இங்கை இல்லை.”

ஐயர் தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மம்மாவின் பெயரை மட்டும் சொல்லித் தொடங்கினார்.

எல்லாம் முடிந்து முழுகப் போனபோது அம்மா முதல் வாளியை அள்ளி என் தலையில் ஊத்தினா. நல்ல சூடு. தலை துடைக்கத் துவாய் ஓட்டோவில் இருந்தது. நான் எடுக்கப் போகவில்லை. வீடு வரும்வரை சேட்டு முதுகெல்லாம் நனைந்திருந்தது. அம்மா பேசவில்லை.